எல்விராவின் நகரம்

ஜெர்மன் இயக்குநர் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் 1978 கோடையில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எடுத்த ‘பதின்மூன்று நிலவுகளின் ஆண்டில்’ என்ற படம், பஞ்சாங்கம் சொல்லும் பலனைப் போன்ற சில வரிகளோடு தொடங்குகிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலவின் ஆண்டு வரும். உணர்ச்சிவழி வாழ்கிறவர்கள் அந்த ஆண்டில் மற்றவர்களைவிட அதிகமாக மனம் சோர்வார்கள். அதே ஆண்டில் பதின்மூன்று அமாவாசைகளும் சேர்ந்துவிட்டால் தனிமனிதருக்குப் பேரழிவு தவிர்க்க முடியாதது என்று திரையில் எழுத்து ஓடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட ஆண்டுகள் ஆறு: 1908, 1929, 1943, 1957, 1978, 1992. அதன்பின் எல்விரா வைஸ்ஹாப்ட் என்ற திருநங்கையின் கடைசி ஐந்து நாட்களைக் காண்கிறோம். கூட வாழ்ந்தவன் விட்டுப் போகிறான். வளர்த்த கன்னியாஸ்திரியிடம் போகிறாள். எவனுக்காக உடலை மாற்றிக்கொண்டாளோ அவனிடம் போகிறாள். மனைவியிடமும் மகளிடமும் திரும்பப் போகிறாள். யாரிடமும் அவளுக்கு இடம் கிடைப்பதில்லை. ஐந்தாம் நாள் இறந்துபோகிறாள். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விதியின் கதையாகவோ, பிறழ்ந்துபோன ஓர் உடலின் கதையாகவோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. படத்தின் தொடக்க வரிகளே அதற்கு இடம் கொடுக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்விராவின் மேல் விழும் அடிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி உண்டு, சட்டப்பிரிவு உண்டு, முத்திரை குத்திய காகிதம் உண்டு. அந்தத் தேதிகளையும் அவை விழுந்த நகரத்தையும் தெரிந்துகொண்டு பார்த்தால், இந்த இருட்டு யாரால் எப்போது உண்டாக்கப்பட்டது என்பது தெளிவாகிவிடும்.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மைன் ஆற்றங்கரையில் இன்னும் விடியவில்லை. பணம் வாங்கிக்கொண்டு உடன்வரும் இளைஞன் ஒருவனைத் தேடி எல்விரா ஆண் உடையில் வந்திருக்கிறாள். பெண்ணாக வந்து ஆணுக்குப் பணம் நீட்ட அவளுக்குக் கூச்சம். அவள் உடல் தான் நினைத்தது போல இல்லை என்று கண்டதும் அவனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து அவளை அடித்து, உடையைக் கிழித்துத் துரத்துகிறார்கள். பின்னால் மாலரின் ஐந்தாம் சிம்பொனியின் மெதுவான பகுதி ஒலிக்கிறது. 1978-இல் வயதுவந்த இரு ஆண்கள் கூடுவது மேற்கு ஜெர்மனியில் குற்றமில்லை. 1969-இலும் 1973-இலும் சட்டம் தளர்த்தப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் இந்தச் சந்திப்பு ஏன் விடியுமுன், புதர் மறைவில், அச்சத்தோடு நடக்க வேண்டும்? அதற்கான விடை இதே நகரத்தின் நீதிமன்றத்தில் இருக்கிறது. 1950-51-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில், ஆண்களோடு பாலியல் தொழில் செய்துவந்த ஓர் இளைஞனின் வாக்குமூலத்தை முக்கியச் சான்றாகக் கொண்டு இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்கள்மீது விசாரணை நடத்தப்பட்டது. வழக்குகளை நடத்திய நீதிபதி, நாஜி ஆட்சியிலும் இதே சட்டப்பிரிவு வழக்குகளில் ஈடுபட்டிருந்தவர். வேலை போனவர்கள், ஊரைவிட்டே ஓடியவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் என்று அந்த வழக்குகள் பல குடும்பங்களைச் சிதைத்தன. சம்மன் கிடைத்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், நகரத்தை ஒட்டிய காட்டிலுள்ள கோதே கோபுரத்தின் மேலேறிக் குதித்தான்.

அந்தப் பிரிவின் எண் 175. ஜெர்மன் பேரரசு உருவானபோது சட்டத்தில் ஏறிய அதை 1935-இல் நாஜிகள் இன்னும் கடுமையாக்கினார்கள். கடுமையாக்கிய அந்த வடிவத்தையே மேற்கு ஜெர்மனி ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்துக்கொண்டது. இது நாஜிக் கொடுமையின் மிச்சம் என்று சொல்லிச் சிலர் அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்படியொன்றுமில்லை, பிரிவு செல்லும் என்று 1957 மே 10 அன்று தீர்ப்பு வந்தது. 1969 வரை ஏறத்தாழ 50,000 பேர் அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டார்கள். பிறப்புப் பதிவேட்டில் ஆண் என்று எழுதப்பட்டிருந்ததால் திருநங்கையரையும் இதே பிரிவில்தான் பிடித்துப் போட்டார்கள். ஹாம்பர்க்கில் வாழ்ந்த லிடி பாக்ரோஃப் அப்படிப் பலமுறை சிறைக்கு அனுப்பப்பட்டவர். 1943 ஜனவரியில் மவுட்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1943-உம் 1957-உம் படத்தின் பட்டியலில் உள்ள ஆண்டுகள். படம் அவற்றுக்கு நிலவைக் காரணம் சொல்கிறது. அந்த ஆண்டுகளில் நடந்தவற்றுக்குக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் கோப்புகளில் இருக்கின்றன. ஒரு தலைமுறைக்குமேல் வீட்டுக்குள் வர முடியாத ஆசை பூங்காவுக்கும் ரயில் நிலையக் கழிப்பறைக்கும் ஆற்றங்கரைக்கும் தள்ளப்பட்டது. 1969-இல் சட்டம் கையை எடுத்துக்கொண்டது. அது உண்டாக்கிய பழக்கம் மட்டும் அந்த இடங்களிலேயே தங்கிவிட்டது. ஒளிந்து மட்டுமே நடக்கக்கூடிய இடத்தில் அடித்தால் கேட்க ஆளில்லை என்பது அடிக்கிறவனுக்குத் தெரியும். எல்விராவை அடிப்பவர்கள் ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியில் திருநங்கையரின் நிலை எப்போதுமே இப்படி இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயிலேயே பெர்லின் காவல்துறை, ஒருவர் தம் பாலின உணர்வுக்கு ஏற்ற உடையில் தெருவில் நடமாட அனுமதிச்சீட்டு வழங்கத் தொடங்கியிருந்தது. அதற்கு மருத்துவச் சான்று எழுதிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். 1919-இல் அவர் பெர்லினில் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனை, நூலகம், ஆலோசனை அறை, தங்கும் இடம் எல்லாம் ஒரே கட்டடத்தில். வேறெங்கும் வேலை கிடைக்காத திருநங்கையர் சிலருக்கு அங்கேயே வீட்டுவேலை கொடுத்தார்கள். அப்படி வேலை பார்த்த டோரா ரிஷ்டருக்கு 1931-இல் பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை செய்யப்பட்டது. உலகில் அத்தகைய அறுவைகளில் முதலாவதாகப் பதிவானவற்றுள் அது ஒன்று. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் நிறுவனத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். மே 10 அன்று அதன் நூல்கள் பெர்லினின் ஓப்பரா சதுக்கத்தில் எரிந்த குவியலில் சேர்ந்தன. சரியாக இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, அதே மே 10-இல்தான் நான் மேலே சொன்ன 175-ஆம் பிரிவுத் தீர்ப்பு வந்தது. டோரா அந்தத் தாக்குதலில் இறந்துவிட்டதாகவே நெடுங்காலம் நம்பப்பட்டது. அண்மையில் கிடைத்த ஆவணங்களின்படி அவர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்ப் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டு, போருக்குப் பின் பவேரியாவின் சிற்றூர் ஒன்றில் 1966 வரை வாழ்ந்திருக்கிறார். அறுவை செய்துகொண்ட பெண் உயிரோடு இருந்தார். அவருக்கு அதைச் செய்த மருத்துவ அறிவு ஜெர்மனியில் கேட்பாரற்றுப் போயிருந்தது.

அதனால்தான் படத்தில் எல்விரா, அப்போது எர்வின் என்ற பெயரில், மொராக்கோவின் காசாபிளாங்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த ஊரை ஃபாஸ்பிண்டர் கற்பனையில் பிடிக்கவில்லை. ஜார்ஜ் புரூ என்ற பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் 1956 முதல் அங்கே தம் சிறு மருத்துவமனையில் இந்த அறுவையைச் செய்துவந்தார். பாரிஸ் மேடைக் கலைஞர் காக்சினெல் 1958-இலும், ஆங்கில விளம்பர அழகி ஏப்ரல் ஆஷ்லி 1960-இலும், எழுத்தாளர் ஜான் மோரிஸ் 1972-இலும் அங்கே போனவர்கள். ஐரோப்பாவெங்கும் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் பணத்தைச் சேர்த்துக்கொண்டு, சொந்த ஊரில் யாரிடமும் சொல்லாமல், மொழி தெரியாத ஒரு நகரத்துக்குப் போய்த் தனியாகப் படுத்துக் கிடந்து, புண் ஆறியதும் திரும்பினார்கள். திரும்பி வந்த பிறகு தொடர்சிகிச்சை இல்லை. ஆலோசனை சொல்ல ஆளில்லை. கையிலிருந்த கடவுச்சீட்டு பழைய பெயரையே சொன்னது. 1933-இல் அந்த நிறுவனம் அழியாமல் இருந்திருந்தால், 1960-களின் ஜெர்மன் எர்வின் ஒருவர் ரயிலேறி பெர்லினுக்குப் போயிருப்பார். வெட்டுவதற்கு முன்னால் பல மாதங்கள் அவரோடு உட்கார்ந்து பேசவும் அங்கே ஆள் இருந்திருக்கும். இது வெறும் ஊகம் என்று சொல்லலாம். டோரா பல ஆண்டுகள் அந்தக் கட்டடத்திலேயே இருந்து, படிப்படியாகத்தான் அறுவைக்கு வந்தார் என்பது பதிவான உண்மை.

படத்தில் என் மனத்தை மிகவும் அறுத்தவை இரண்டு பகுதிகள். ஒன்று மடத்துக் காட்சி. எர்வின் கன்னியாஸ்திரிகள் நடத்திய அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். எல்விராவாக அங்கே திரும்பி வரும்போது, அருட்சகோதரி குட்ரூன் மடத்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே அந்தக் குழந்தையின் கதையைச் சொல்கிறார். (இயக்குநரின் சொந்தத் தாயே அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார்.) எர்வின் எல்லாருக்கும் செல்லப் பிள்ளையாக இருந்தான். ஒரு தம்பதி அவனைத் தத்தெடுக்க விரும்பி, வாராவாரம் வந்து பழகினார்கள். தாயின் கையெழுத்து மட்டும் பாக்கி. சகோதரி தாயைத் தேடிப் போனபோது அவள் உண்மையைச் சொன்னாள்: குழந்தை பிறந்தபோது அவளுக்குத் திருமணமாகியிருந்தது, கணவனுக்குக் குழந்தை இருப்பதே தெரியாது. அன்றைய ஜெர்மன் சட்டத்தின் கண்ணில், மணவாழ்வின்போது பிறந்த குழந்தை கணவனுடையது. அப்படியானால் தத்துக் கொடுக்க அவன் சம்மதமும் வேண்டும். அவள் அவனிடம் சொல்ல மறுத்துவிட்டாள். மணமாகாத பெண்ணின் குழந்தையாக இருந்திருந்தால் அவள் ஒருத்தியின் கையெழுத்தே போதும். தம்பதி வருவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் காரணம் சொல்லாததால் பிள்ளை காய்ச்சலில் விழுந்து, பிழைத்து எழுந்தபோது வேறு பிள்ளையாக மாறியிருந்தான். முன்பு கொஞ்சியவர்களும் விலகிப் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்த எல்விரா மயங்கிச் சரிகிறாள். அன்பு தேடி அலைகிறவள் என்று இவளைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்த அன்பு முதன்முதலில் எங்கே அறுந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பால் பற்றியோ உடல் பற்றியோ எந்தக் கேள்வியும் எழாத வயதில், ஒரு படிவத்தில் போட முடியாமற்போன கையெழுத்தில் அது அறுந்தது.

மற்றொன்று இறைச்சிக்கூடம். எர்வின் கசாப்புத் தொழில் கற்றவன். தன் தோழியான பாலியல் தொழிலாளி ஸோராவை எல்விரா தன் பழைய வேலையிடத்துக்கு அழைத்துப் போகிறாள். மாட்டின் நெற்றியில் அடி விழுகிறது, கழுத்து அறுபட்டு ரத்தம் கொட்டுகிறது, கொக்கியில் தலைகீழாகத் தொங்கியபடி உடல் நகர்கிறது, தோல் உரிகிறது, வெள்ளை அங்கி அணிந்த தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரவர் வெட்டை வெட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். இவையனைத்துக்கும் மேலே எல்விராவின் குரல் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போய், நடிகனாக இருந்த காதலனுக்கு வசனம் மனப்பாடம் செய்ய உதவிய நாட்களுக்கு வந்து, கோதேயின் ‘டாஸ்ஸோ’ நாடக வரிகளை உச்சத்தில் கத்தத் தொடங்குகிறது. கோதே 1749-இல் இந்த ஊரில் பிறந்தவர். 1944 மார்ச் 22 அன்று, அவருடைய நினைவு நாளிலேயே, விமானக் குண்டுவீச்சில் அவர் பிறந்த வீடு எரிந்தது. ஊரின் பழைய பகுதி முழுதும் சாம்பலாகக் கிடந்தபோதே அந்த வீட்டை மட்டும் பழையபடியே கட்டத் தொடங்கி 1951-இல் முடித்தார்கள். தன்னைக் கோதேயின் நகரமாகவே உலகுக்குக் காட்டிக்கொள்ள விரும்பிய ஃபிராங்க்ஃபர்ட்டின் வாயில், அந்தக் கோதேயின் வரிகளையே எடுத்து மாட்டு ரத்தத்தின் நடுவே திணித்தது இந்தப் படம். இந்தக் காட்சியை வெறும் அதிர்ச்சி உத்தி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒழுங்காகவும் சுத்தமாகவும் வரிசை தவறாமலும் ஆயிரக்கணக்கான யூதர்களை 1941 முதல் இதே ஊரின் மொத்தச் சந்தைக் கட்டடத்தில் கூட்டி ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பியதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அப்படி ஒதுக்கத் தோன்றாது.

படத்தில் மிகுந்த சர்ச்சைக்குரியது அன்டன் சைட்ஸ் என்ற பாத்திரம். எர்வின் காதலித்தது இவனை. பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் இருந்து உயிர் பிழைத்த யூதன். இறைச்சி வணிகம் செய்தான். விபச்சார விடுதி நடத்தினான். பிறகு பழைய வீடுகளை வாங்கி, குடியிருப்பவர்களைக் கிளப்பி, இடித்துக் கோபுரம் எழுப்பும் நிலவணிகன் ஆனான். அவன் அலுவலகத்துக்குள் நுழைய வேண்டிய அடையாளச்சொல் ‘பெர்கன்-பெல்சன்’. ஃபாஸ்பிண்டர் 1975-இல் எழுதிய ‘குப்பை, நகரம், மரணம்’ நாடகத்திலும் பெயரில்லாத ஒரு பணக்கார யூதர் இதே தொழில் செய்கிறார். யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டு எழுந்ததால் பதிப்பகம் அந்த நூலைத் திரும்பப் பெற்றது. 1985-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அதை மேடையேற்ற முயன்றபோது நகரத்தின் யூதர்கள் மேடையிலேயே ஏறி நின்று தடுத்தார்கள். அவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். படத்தின் வரலாற்றுப் பார்வை தடுமாறுகிற இடமும் இதுதான். வெஸ்ட்எண்ட் பகுதியின் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகைகள் வங்கிக் கோபுரங்களாக மாறியதற்குத் திட்டம் போட்டது நகர நிர்வாகம். கடன் கொடுத்தவை வங்கிகள். 1960-களின் இறுதியில் நகரம் வகுத்த வளர்ச்சித் திட்டம் அந்தக் குடியிருப்பை அலுவலகங்களுக்குத் திறந்துவிட்டது. வாங்கியவர்கள் இடிக்கும் நாள் வரும்வரை வெளிநாட்டுத் தொழிலாளர்களை அறைக்குப் பலராக அடைத்து வாடகை கறந்தார்கள். 1970 செப்டம்பரில் மாணவர்களும் தொழிலாளர் குடும்பங்களும் முதல் வீட்டைக் கைப்பற்றினார்கள். 1974 பிப்ரவரியில் காவல்துறை வந்து, அப்படிக் கைப்பற்றிய பெரிய வீட்டுத்தொகுதி ஒன்றைக் காலிசெய்தது.

அந்த மாளிகைகளில் பல 1933-க்கு முன் யூதக் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. ஃபிராங்க்ஃபர்ட்டில் அன்று ஏறத்தாழ 30,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களை விரட்டியும் கொன்றும் காலியாக்கிய தெருக்கள்மீதுதான் இந்த வணிகமே நடந்தது. அதே வெஸ்ட்எண்டில், விஷவாயு உற்பத்தியில் பங்கு வைத்திருந்த ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் பிரமாண்டத் தலைமையகம் குண்டு படாமல் நின்றது. படம் எடுக்கப்பட்டபோது அதில் அமெரிக்க ராணுவம் இருந்தது, இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தனையையும் ஒரு யூதன் தலையில் இறக்கி வைத்தது பிழை. ஆனாலும் எல்விராவின் கதைக்கு இந்த நகரப் பின்னணி ஒட்டாதது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1949-இல் தலைநகராகும் வாய்ப்பை பான் நகரிடம் இழந்த ஃபிராங்க்ஃபர்ட், பணத்தின் தலைநகராகிக் காட்டியது. பயன்படாத வீடு, பயன்படாத வாடகைதாரர், நோயாளியான பழைய ஊழியர் எல்லாம் வெளியே. சைட்ஸின் கோபுரத்துக்கு எதிரே ஒரு மனிதன் நின்று நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். புற்றுநோய் வந்ததால் வேலையிலிருந்து துரத்தப்பட்டவன் அவன். எல்விராவும் அதே வரிசையில் நிற்பவள்தான். மேலே போனால், எந்த அன்பையும் காட்டாத சைட்ஸ் தன் அடியாட்களோடு தொலைக்காட்சியில் ஓடும் நகைச்சுவைப் படத்தைப் பார்த்து அதேபோல ஆடிக்கொண்டிருக்கிறான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்விரா உண்மையில் திருநங்கையே இல்லை; நீ பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று சைட்ஸ் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக உடலை மாற்றிக்கொண்டவன் அவன்; ஆகவே திருநங்கையரின் வரலாற்றை இவன்மேல் ஏற்றுவது பொருந்தாது என்பார்கள். திருநங்கையர் பலர் இந்தக் காரணத்துக்காகவே படத்தை வெறுக்கிறார்கள். ஓர் ஆணின் சொல்லுக்காகத் தங்கள் வாழ்வைத் தாங்கள் தேர்ந்துகொள்ளவில்லை என்று அவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. என் பதில் இது. எல்விராவுக்குள் என்ன இருந்தது என்பதைப் படம் உறுதியாகச் சொல்வதில்லை. அவள் தன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தடுமாறுகிறாள். ஒருநாள் பெண்ணுடையிலும் மறுநாள் ஆணுடையிலும் வருகிறாள். அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டுப் பொறுமையாகப் பிரித்துச் சொல்ல யாரும் இல்லாத நாட்டில் அவள் வாழ்ந்தாள். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களின் நூலகத்தைத்தான் 1933-இல் எரித்தார்கள். இன்னொன்றும் உண்டு: ஆற்றங்கரையில் அடித்தவர்கள் அவள் ஏன் மாறினாள் என்று கேட்டு அடிக்கவில்லை. அறுவைக்கான காரணம் எதுவானாலும், திரும்பி வந்தவளுக்கு அந்நாட்டில் காத்திருந்தது ஒன்றேதான்.

காத்திருந்தது என்னவென்று சட்டத்தைப் புரட்டினால் தெரியும். அறுவை செய்துகொண்ட ஒருவர் தம் பிறப்புப் பதிவேட்டைத் திருத்தக் கேட்டபோது, அதற்குச் சட்டம் இல்லை என்று 1971-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், 1978 அக்டோபர் 11 அன்று, அரசமைப்பு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது: மனித மாண்பு காக்கப்பட வேண்டுமானால் பதிவைத் திருத்தியே ஆகவேண்டும். ஃபாஸ்பிண்டரின் நாயகி இந்தத் தீர்ப்பைக் காணாமலே போய்விட்டாள். கண்டிருந்தால் மீண்டிருப்பாளா? தீர்ப்பின் விளைவாக 1980 செப்டம்பரில் இயற்றப்பட்டு 1981 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைப் படித்தால் ஐயம் வருகிறது. பெண் என்று பதிவு பெற மூன்று பெரிய நிபந்தனைகள்: உறுப்பு மாற்று அறுவை நடந்திருக்க வேண்டும், இனப்பெருக்க ஆற்றல் நிரந்தரமாக இல்லாமற்போயிருக்க வேண்டும், மணமாகாதவராக இருக்க வேண்டும். மனைவி இருந்தால் அவளை விலக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும் சிறுவழி ஒன்றும் இருந்தது. அந்த வழியில் போனவர் பின்னால் ஒருவரை மணந்தால், கிடைத்த பெயர் செல்லாமல் போய்விடும். பெயர் வேண்டுமா, துணை வேண்டுமா என்று ஓர் அரசு கால் நூற்றாண்டு காலம் தன் குடிமக்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. 2005-இல் மணந்தால் பெயர் போகும் விதியும், 2008-இல் மணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற விதியும், 2011 ஜனவரியில் அறுவையும் கருத்தடையும் கட்டாயம் என்ற விதியும் ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் விழுந்தன. ஒவ்வொன்றையும் விழச் செய்ய யாரோ ஒருவர் வழக்குத் தொடுத்துப் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது.

படத்தின் பிற்பகுதியில் எல்விரா கூந்தலை வெட்டிக்கொண்டு, ஆணுடை அணிந்து, மனைவி ஐரீனிடம் மீண்டும் சேர்ந்து வாழலாமா என்று கேட்கும் காட்சியை இந்தச் சட்ட வரலாறு தெரிந்தபின் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ஐரீன் கொடியவள் இல்லை. மகள் அப்பாவை வெறுக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் பாசம் மிச்சமிருக்கிறது. ஆனால் மனைவி, மகள், எல்விரா மூவரும் எல்விரா எல்விராவாகவே இருந்துகொண்டு ஒரு கூரையின்கீழ் வாழலாம் என்ற எண்ணம் அங்கே யாருக்குமே வரவில்லை, எல்விராவுக்கும்கூட. சேர வேண்டுமானால் ஆணாகத் திரும்பித்தான் வர வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொண்டு வருகிறாள். ஜெர்மன் நாடாளுமன்றம் இரண்டாண்டு கழித்து எழுத்தில் எழுதப்போவதை அவள் தன் கூந்தலில் முன்கூட்டியே நிறைவேற்றிவிடுகிறாள்.

ஃபாஸ்பிண்டரின் சொந்தத் துயரமே இந்தப் படம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவருடைய காதலர் ஆர்மின் மையர் 1978-இல், படப்பிடிப்புக்குச் சற்று முன்னர்தான் இறந்தார். மையரும் முன்பு கசாப்புத் தொழில் பார்த்தவர். கதை, ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு என எல்லாவற்றையும் இயக்குநர் தாமே தோளில் போட்டுக்கொண்டதற்கு அந்தத் துயரம் காரணமாக இருக்கலாம். துயரம் சொந்தமானது என்பதால் அது வரலாறு இல்லை என்று ஆகிவிடாது. கடைசியில் திருநங்கையைச் சாகடிப்பது சினிமாவின் பழைய வழக்கம், இவரும் அதையே செய்தார், அதிலும் வேடத்தை ஓர் ஆண் நடிகருக்குக் கொடுத்தார் என்ற குறை மேலும் கனமானது. ஃபோல்கர் ஷ்பெங்லரின் நடிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் குறை குறையாகவே நிற்கும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தச் சாவை இந்தப் படம் அழகாக்கவில்லை, அவள்மேல் குற்றமாகச் சுமத்தவும் இல்லை. அவளுக்கு நேரமில்லை என்றவர்கள், தாமதமாகிவிட்டது என்றவர்கள், விட்டுப்போனவர்கள் எல்லாரும் கடைசியில் அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். முன்பு ஒரு பத்திரிகையாளனுக்கு அவள் கொடுத்த பேட்டியின் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருந்தபோது யாரும் முழுதாகக் கேட்காத பேச்சை இப்போது எல்லாரும் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

175-ஆம் பிரிவு 1994-இல் சட்டப் புத்தகத்திலிருந்து முற்றிலும் நீங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட், துன்புறுத்தப்பட்ட ஓரினச் சேர்க்கையாளர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது. ஜெர்மன் நகரங்களில் அதுவே முதலாவது. ரோஸ்மேரி ட்ரோக்கல் வடித்த அந்தத் தேவதைச் சிலையின் தலையை வெட்டிப் பின் சற்றே கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி ஓடும் தழும்பு கண்ணுக்குத் தெரியும்படி விடப்பட்டிருக்கிறது. 2017-இல் அந்தப் பிரிவின்கீழ் வந்த தீர்ப்புகளை நாடாளுமன்றம் ரத்து செய்து, ஒவ்வொரு தண்டனைக்கும் 3,000 யூரோவும் சிறையில் கழித்த ஆண்டுக்கு 1,500 யூரோவும் இழப்பீடு அறிவித்தது. 1981 முதல் 2011 வரை, ஒரு பெயருக்காகவும் ஒரு பதிவுக்காகவும் அரசின் நிபந்தனைப்படி கருத்தடைக்கு உடன்பட்டவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சுவீடன் தன் நாட்டில் அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களுக்கு 2018 முதல் இழப்பீடு கொடுத்தது. நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டுப் பணமும் தந்தது. ஜெர்மனியில் 2021-இல் ஆட்சிக்கு வந்த மூன்று கட்சிகள் தங்கள் கூட்டணி ஒப்பந்தத்தில் இதற்கொரு நிதி அமைப்பதாக எழுதிக் கையெழுத்திட்டன. மருத்துவச் சான்றோ நீதிமன்றமோ இல்லாமல் பதிவகத்தில் தாமே சொல்லிப் பெயரையும் பாலையும் மாற்றிக்கொள்ளும் புதிய சட்டம் 2024 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து நாட்களில் அந்தக் கூட்டணி உடைந்தது. இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறவே இல்லை. 1981-இல் முப்பது வயதில் அந்த அறுவைக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.